தொற்றுக்கால விதிகளும் வீடு கட்டும் வேலையும்: எங்கள் ஊர்க் களங்களுக்கு எது பொருந்தும்?

கோண்டாவில் வளவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தின் கடைசிக் கூட்டத்தில் ஒரு பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அடுத்த முறை ஏதாவது தொற்றுநோய்க்காக அவசரநிலை அறிவிக்கப்பட்டால், ஊருக்குள் நடந்துகொண்டிருக்கும் வீட்டு வேலைகள் எப்படி நடக்க வேண்டும், எப்போது நிறுத்தப்பட வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டுமாம். நான் எழுதுவதற்கு முன்னர் இங்கே உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது, எங்கள் வீட்டின் மேல்தளத்துக்குப் பலகை அடித்துக் கம்பியும் கட்டி முடிந்திருந்தது. மறுநாள் கொங்கிறீட் போடுவதாக இருந்தோம். மிக்சருக்கு முற்பணமும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த சில நாட்களில் பக்கத்து ஊரான தாவடி முடக்கப்பட்டதால், வளவுக்குப் போய் ஒரு படங்கை இழுத்து மூடுவதற்குக்கூட எவருக்கும் வழி இருக்கவில்லை. பல வாரங்கள் கழித்துப் போனபோது கம்பி துருப்பிடித்திருந்தது, பலகை ஊதியிருந்தது, தூணுக்கு அடித்திருந்த பெட்டிகளில் சித்திரை மழை தேங்கி, உற்றுப் பார்த்தால் உள்ளே குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. கொரோனாவுக்காக மூடிய களத்தில் டெங்கு வளர்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் கேள்விகள் இரண்டுதான். விதி மீறப்பட்டால் பொறுப்பு வீட்டுக்காரருக்கா, மேசனுக்கா? பாதியில் நிற்கும் வேலையைப் பத்திரப்படுத்த எந்த விதியாவது அவகாசம் தருகிறதா?

ஓய்வுபெற்ற தொ.உ.

தம்பி, முதற் கேள்விக்கு என் முப்பது வருடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் கையில் எடுக்கப்பட்ட சட்டம் 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிக்கொண்டிருந்த காலத்துச் சட்டம் அது. அதன் கீழ் 2020 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, வேலைத்தலத்துக்குள் நுழைபவரின் உடல் வெப்பநிலையைப் பார்த்தல், கை கழுவ வசதி, வருபவரின் பெயர் விவரங்களைப் பதிதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டப்பணமும் ஆறு மாதம் வரை சிறையும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

குறை என்னவென்றால், அந்த விதிகள் கடையையும் அலுவலகத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. மதிலே இன்னும் எழும்பாத ஒரு வளவுக்கு வாசல் எது, அங்கே வெப்பமானியோடு நிற்பவர் யார்? நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை கட்டடக் களங்களுக்கென வழிகாட்டல் வெளியிட்டது உண்மை. ஆனால் அதைப் படித்து நடக்கப் பதிவுபெற்ற ஒப்பந்தகாரரும் களப் பொறியியலாளரும் வேண்டும். எங்கள் ஊரில் வீடு கட்டுபவர் ஒரு மேசன், அவருடைய மருமகன், இரண்டு கையாட்கள். எழுத்தில் ஒப்பந்தம்கூட இருக்காது.

நுளம்பு விடயத்தில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, இடத்தின் உரிமையாளரோ அதில் இருப்பவரோதான் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "மேசன்தான் வாளியைப் போட்டுவிட்டுப் போனவன்" என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப முடியாது.

இணுவில் சாரம்

நான் இருபத்துமூன்று வருடமாக மேசன் வேலை செய்பவன். ஐயா சொன்ன சட்டங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் விதி எழுதுபவர்கள் ஒரு நாள் எங்களோடு நின்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

முகக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி வெயிலில் பத்து மணிக்குள் அது வியர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிவிடும். ஈரமான கவசத்தை மாற்ற வேண்டும் என்று சுகாதாரப் பகுதியினரே சொல்கிறார்கள். அப்படியானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தேவை. அதை வாங்கித் தருபவர் யார் என்று எந்தத் தாளிலும் இல்லை. கைக்குத் தரும் திரவமும் அப்படித்தான். சீமெந்து அப்பிய கையில் அதை ஊற்றினால் சேறாகுமே தவிரக் கிருமி சாகாது. வெடித்த தோலில் பட்டால் உயிர் போகும் எரிவு. எங்களுக்குத் தேவை ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு சவர்க்காரக் கட்டியும்.

உண்மையில் நோய் பரவும் இடம் வேறு. பத்து மணித் தேநீருக்கு வீட்டுக்கார அம்மா ஒரு கேத்தலும் இரண்டு பேணியும் கொண்டுவந்து வைப்பார். முதலில் மேசன் குடிப்பார், அதே பேணியைக் கழுவாமல் ஓடாவி, அதாவது தச்சர், வாங்குவார், கடைசியில் அது முட்டாளிடம் போகும். (வெளியூர்க்காரர் கோபிக்க வேண்டாம், மேசனுக்குக் கையாளாக நிற்பவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம், அது வசை அல்ல.) வெற்றிலைத் தட்டமும் அதே வழியில்தான் சுற்றும். காலையில் வரும்போது ஒரு லாண்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் பத்துப் பேர் நெருங்கி இருந்து வருவோம். சாரத்தில் ஏறிய பிறகு இருவருக்கிடையில் ஆறு அடி தானாகவே இருக்கும். ஆகவே விதி வேலை செய்யும் நேரத்தை விட்டுவிட்டு, வேலை செய்யாத நேரத்தைப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சுன்னாகத்தான் (சான் பிரான்சிஸ்கோ)

சாரம் அண்ணை சொன்ன பேணிக் கதையை வாசித்ததும் இங்கே நடந்த ஒன்றை எழுதத் தோன்றியது. நான் 2020 இல் இங்கே கட்டடக் களத்தில் இருந்தேன். ஏப்ரல் கடைசியில் நகரச் சுகாதார அதிகாரி வெளியிட்ட ஆணை, கட்டட வேலைகளைச் சிறியவை, பெரியவை என்று பிரித்து இரண்டு தனி நடைமுறைகளை இணைத்திருந்தது. குடியிருப்பென்றால் பத்து வீடுகள் வரை சிறிய வேலை. அதற்கு வெளியாள் மேற்பார்வை தேவையில்லை. ஆனால் வேலை நடக்கும் நேரமெல்லாம் பொறுப்பாளர் ஒருவர் களத்தில் இருக்க வேண்டும், அவர் வேலையாட்களுள் ஒருவராகவே இருக்கலாம். பெரிய வேலைக்கு மட்டும், ஒப்பந்தகாரரைச் சாராத வெளியாள் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்த அம்சம், ஆட்கள் தவிர்க்க முடியாமல் நெருங்கும் இடங்களை முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும் என்று அந்த விதி கேட்டதுதான். இங்கே அது படிக்கட்டும் பாரந்தூக்கியும். யாழ்ப்பாணத்தில் அது கொங்கிறீட் நாள். சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்ப இருபது பேர் தோளோடு தோள் நிற்பார்கள், எல்லோரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள், மறுநாள் வெவ்வேறு களங்களுக்குப் போய்விடுவார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் வீடு அந்த ஒரு நாள் மட்டும் பெரிய களமாகிவிடுகிறது. ஊரார் எழுதும் பக்கத்தில் அந்த நாளுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும்.

நல்லூர் வாசகன்

அமெரிக்காவில் நடந்ததை இங்கே கொண்டுவந்து பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே பொறுப்பாளருக்குச் சம்பளம் உண்டு, பரிசோதிக்க ஆள் உண்டு. இங்கே ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எத்தனை கிராம அலுவலர் பிரிவுகளைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அதோடு, கொரோனா போய்விட்டது. போன நோய்க்கு இப்போது விதி எழுதி யாருக்குப் பயன்?

ஓய்வுபெற்ற தொ.உ.

நல்லூர் வாசகனுக்கு: நோய் ஒன்று மட்டும்தான் என்று யார் சொன்னது? 2017 இல் நாடு முழுவதும் 186,000 க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர், 400 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கம் காரணம் தெரியாத காய்ச்சல் என்று தொடங்கியது பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானதை நாம் எல்லோரும் பத்திரிகையில் படித்தோம். அத்திவாரக் கிடங்கில் முழங்கால் தண்ணீரில் நின்று மண் அள்ளுபவருக்கு இது தொலைவில் உள்ள நோய் அல்ல. சீமெந்து தின்ற பாதத்தில் வெடிப்பு இருக்கும். கிருமிக்கு அந்த வழி போதும். ஆகவே மழைக்காலத்தில் சப்பாத்து இல்லாமல் கிடங்கில் இறங்கக் கூடாது என்பதும், காய்ச்சல் கண்டால் "மழையில் நனைந்தது" என்று சொல்லிப் பனடோலோடு நிற்காமல், தண்ணீரில் நின்று வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும். தடுப்பு மருந்து பற்றிய முடிவைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் விட்டுவிடுங்கள். கடையில் வாங்கி விழுங்குகிற காரியம் அல்ல அது.

கோண்டாவில் வளவு

இவ்வளவு விரைவில் பதில்கள் வந்ததற்கு நன்றி. டெங்கு பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சந்தேகம். மேல்தளத்துக்குக் கொங்கிறீட் போட்ட பிறகு வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். போன கார்த்திகையில் என் உறவினர் ஒருவருடைய களத்துக்குப் பரிசோதகர் வந்து, அந்தத் தண்ணீரைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார். மேசனோ தண்ணீரை எடுத்தால் தளம் வெடிக்கும் என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

சுன்னாகத்தான் (சான் பிரான்சிஸ்கோ)

இருவரும் சரி, இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். கொங்கிறீட்டின் பலத்தை 28 ஆம் நாளில் அளந்தாலும், ஈரம் மிக அவசியமாக இருப்பது முதல் 7 நாட்களில். கலப்புச் சீமெந்து என்றால் 10 நாட்கள் வைத்திருப்பது நல்லது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வரவும் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள்தான் ஆகும். சிக்கல் முழுவதும் இந்த இரண்டு கணக்கும் ஒன்றாக விழுவதில் இருக்கிறது. ஆகவே நாலாம் அல்லது ஐந்தாம் நாள் மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு வரம்பை ஓரிடத்தில் வெட்டித் தண்ணீரை முழுவதும் விட்டுவிடுங்கள். வரம்பின் உட்பக்கத்தைத் தும்புத்தடியால் அழுத்தித் தேய்க்க வேண்டும், ஏனெனில் நுளம்பு தண்ணீருக்குள் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான ஓரத்தில்தான் முட்டையிடுகிறது, அந்த முட்டை காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த தண்ணீரைக் கண்டதும் பொரிக்கும். தேய்த்துவிட்டு உடனே புதுத் தண்ணீர் நிரப்பினால் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் நிறுத்தாமல் சாக்கு விரித்து நாளுக்கு மூன்று தடவை நனைப்பது இன்னும் நல்லது, ஆனால் நனைக்க ஆள் நிற்க வேண்டும்.

இணுவில் சாரம்

சாக்கு முறையை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், வளவில் எவரும் இல்லை, நாங்கள் அடுத்த களத்துக்குப் போய்விட்டோம் என்றால் யார் நனைப்பது? அதற்காகத்தான் தண்ணீர் கட்டுகிறோம்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சிலர் கிடங்குத் தண்ணீரில் கழிவெண்ணெய் ஊற்றினால் நுளம்பு சாகும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் நிலத்துக்கு அது ஆகாது. கீழே முழுவதும் சுண்ணாம்புக் கல், ஊற்றியது நேராகப் பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை இன்னும் பழசாகவில்லை. இறைத்துவிடுவதுதான் வழி, இல்லாவிட்டால் மண் போட்டு நிரப்ப வேண்டும்.

ஸ்காபரோ மாமி

என் கணவருக்கு இங்கே வீடு திருத்தும் தொழில். இழையைத் தொடங்கியவரின் இரண்டாவது கேள்விக்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 2020 ஏப்ரல் 4 ஆம் திகதி இரவோடு ஒன்ராறியோ மாகாணம் பெரும்பாலான கட்டட வேலைகளை நிறுத்தியது. ஆனால் தனி வீடுகளில் அத்திவாரத்துக்கு ஏற்கனவே அனுமதி வாங்கியவையும், அந்தத் திகதிக்கு முன்னர் தொடங்கிவிட்ட திருத்த வேலைகளும் தொடரலாம் என்று விலக்கு இருந்தது. கூரை பிரித்த வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போ என்று எவரும் சொல்லவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கவும் இல்லை. இங்கிலாந்து களங்களைத் திறந்தே வைத்திருந்தது, பக்கத்தில் உள்ள ஸ்கொட்லாந்து அத்தியாவசியமற்றவற்றை மூடியது.

நல்லூர் வாசகன்

இப்போது கொஞ்சம் இறங்கி வருகிறேன். மாமி சொன்ன விலக்கு நியாயமானது. ஆனால் "வேலையாட்கள் களத்திலேயே தங்கினால் வேலை தொடரலாம்" என்று ஒரு வரியை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சு நகரப் பகுதிகளில் அப்படித்தான் அனுமதித்தது: ஆட்கள் ஏற்கனவே களத்தில் இருக்க வேண்டும், வெளியிலிருந்து எவரையும் கொண்டுவரக் கூடாது. கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தங்கியிருந்த விடுதிகளில் என்ன நடந்தது? அந்த ஆண்டின் முடிவில் அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தொற்று வந்துபோனதாக அந்த அரசாங்கமே வெளியிட்டது. மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள், கதவு போடாத அறையில் எட்டுப் பேர் சீமெந்து மூடைகளோடு படுக்கிறார்கள். அந்த அறையைப் பூட்டிவிட்டு வேலை செய்யச் சொல்வது பாதுகாப்பு ஆகாது.

இணுவில் சாரம்

வாசகன் ஐயா இப்போது சொன்னது முற்றிலும் உண்மை. அந்த அறையில் நானும் படுத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். எங்களுக்கு நாட்சம்பளம். காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம் என்று எழுதுவது எளிது, வராவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. 2020 இல் அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் தந்தது. அதை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று கணக்குப் பாருங்கள். என்னோடு நின்ற பையன் ஒருவன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு நான்கு நாள் சட்டி தூக்கினான். ஐந்தாம் நாள் தேநீர் குடிக்கும்போது பேணி கையில் நடுங்கியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு அது டெங்கு. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தான். அவனை நான் ஏசவில்லை. மூன்று நாளைக்கு அரைச் சம்பளமாவது கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான்.

ஸ்காபரோ மாமி

இந்த அரைச் சம்பளத்தை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுபவர்களுக்கு அது பெரிய தொகை அல்ல. நாங்கள் தரைக்கு மாபிள் தெரிவு செய்ய மூன்று வாரம் யோசித்தவர்கள்.

ஓய்வுபெற்ற தொ.உ.

ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. உள்ளூரில் வங்கிக் கடனெடுத்துக் கட்டுபவரும் இருக்கிறார். ஆகவே வேலை தொடங்குமுன் மேசனும் வீட்டுக்காரரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும்: நோயுற்றவருக்கு எத்தனை நாள், எவ்வளவு, அரச ஆணையால் வேலை நின்றால் பேசிய கூலியும் முடிக்கும் திகதியும் எப்படி மாறும். நெருக்கடி முடிந்து வரும்போது சீமெந்து பழைய விலையில் இருக்காது என்பதை 2022 இன் பொருளாதார நெருக்கடி எங்களுக்குக் காட்டிவிட்டது. குடிபூரலுக்கு (புதுமனை புகுவிழாவுக்கு) நாள் வைத்துவிட்டோம் என்பதற்காக ஆட்களை நெருக்கி வேலை வாங்கும் வழக்கமும் அந்தத் தாளால் குறையலாம்.

கோண்டாவில் வளவு

எல்லாவற்றையும் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"அவசரநிலை அறிவிக்கப்பட்டால், அரசாங்கத்தினதும் சுகாதார வைத்திய அதிகாரியினதும் பணிப்புரைகளே முதன்மையானவை; இந்தப் பக்கம் அவற்றுக்குத் துணை மாத்திரமே. வேலை நடக்கும் ஒவ்வொரு வளவிலும் ஒருவர் பொறுப்பாளராக இருப்பார், அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் வாசற் பலகையில் எழுதப்படும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் உள்ளூரில் ஒருவரை அவர் நியமிக்க வேண்டும். தண்ணீரும் சவர்க்காரமும், தொற்றுக் காலத்தில் முகக்கவசமும், ஆளுக்கொரு பேணியும் வீட்டுக்காரரின் செலவு. கொங்கிறீட் நாளில் வருபவர் அனைவரின் பெயரும் பதியப்படும். முடிந்தவரை ஒரே குழுவினரே அழைக்கப்படுவர். வேலை நிறுத்தப்படும்போது, பலகையும் சாரமும் பாதுகாப்பாகக் கட்டப்பட்டு, தேங்கிய நீர் அகற்றப்பட்டு, குழிகளும் தாங்கிகளும் மூடப்படும். அதற்கு அவகாசம் போதாவிட்டால், இருவர் சென்று இவற்றைச் செய்ய அனுமதி தருமாறு கிராம அலுவலர் ஊடாகச் சனசமூக நிலையம் கேட்கும். நின்ற வளவுகளைப் பொறுப்பாளர் ஐந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பார். களத்தில் தங்குவோருக்குக் காற்றோட்டமுள்ள இடமும், காய்ச்சல் கண்டவருக்குத் தனி இடமும் இல்லாமல் அங்கே வேலை தொடராது. காய்ச்சல் என்று சொல்பவருக்கு மூன்று நாள் அரைச் சம்பளம்."

இணுவில் சாரம்

ஒரு திருத்தம். கொங்கிறீட் நாளில் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அடுத்த நாள் யார் களத்துக்குப் போகிறார் என்பதையும் எழுத வேண்டும். பிறகு தேடும்போது பரிசோதகருக்கு அதுதான் தேவைப்படும். எழுதுவதற்குக் கொப்பி வேண்டாம், சீமெந்துத் தூசியில் ஒரு கிழமையில் கந்தலாகிவிடும். தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதும்.

கோண்டாவில் வளவு

சேர்த்துவிட்டேன், அண்ணை. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் வாசிக்கிறேன். அரைச் சம்பளத்துக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். நீங்களும் வந்து, அந்தப் பையனின் கதையை அங்கே சொன்னால் நல்லது.

இணுவில் சாரம்

ஞாயிறு கோண்டாவில் பக்கம்தான் வேலை, ஐந்து மணிக்குப் பிறகு வருகிறேன். பையனையும் கூட்டி வருகிறேன், அவனே சொல்லட்டும்.